கண்டிக்குப் போகும் பெட்டி

ஜூன் 2, திங்கள்

அடுப்பில் வேகவைக்காத இனிப்பு என்றதும் இந்த வீட்டில் எல்லோருக்கும் பிஸ்கட் புடிங்தான் நினைவுக்கு வருகிறது. மாரி பிஸ்கட்டைப் பாலில் தோய்த்து அடுக்கி, பட்டர், ஐசிங் சீனி, கொக்கோத் தூள் மூன்றையும் அடித்து இடையிடையே பூசி, ஓர் இரவு வைத்துவிட்டால் மறுநாள் கரண்டி தானாகவே உள்ளே இறங்கும். கண்டி ஆஸ்பத்திரியில் வாய்ப் புண்ணோடு படுத்திருக்கும் அக்காவுக்கு அதைத்தான் அனுப்ப நினைத்தேன். அத்தான் வாட்டில் கேட்டுச் சொன்ன நிபந்தனைகள் இவை: மென்மையாக இருக்கவேண்டும், உறைப்பும் புளிப்பும் ஆகாது, பச்சை முட்டை கூடவே கூடாது. பழைய முறையில் அந்தக் கிறீமில் பச்சை முட்டையை அடித்துச் சேர்ப்பார்கள். அதை விட்டுவிடலாம், சுவை ஒன்றும் குறையாது. ஆனால் நுவரெலியாவில் கட்டியாக நிற்கும் பட்டர் கிறீம், றம்பொடை, புசல்லாவை, கம்பளை என்று இறங்க இறங்க என்னவாகும் என்பதுதான் தெரியவில்லை. இங்கே 1,868 மீற்றர். கண்டி ஏறத்தாழ 500 மீற்றர்தான்.

ஜூன் 3, செவ்வாய்

கண்டியிலிருந்து அழைப்பு இல்லை. நாள் முழுவதும் மழை.

ஜூன் 5, வியாழன்

கடையில் குக்கிங் சொக்லேட் என்று கேட்டால், கைக்கு எது எட்டுகிறதோ அதைக் கொடுத்துவிடுகிறார்கள். உறையைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்துப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது என்னவென்று தெரிகிறது. கொக்கோ பட்டர் என்று போட்டிருந்தால் அது சொக்லேட். தாவரக் கொழுப்பு என்று மட்டும் போட்டிருந்தால் அது சொக்லேட்டின் நிறத்தைப் பூசிக்கொண்ட வேறொரு பண்டம். இரண்டாவதைக் கையாள்வது மிக எளிது என்பதை மறுப்பதற்கில்லை. உருக்கி ஊற்றினால் தானாக இறுகும், கண்டி வெயிலுக்கும் நிற்கும். ஆனால் வாயில் போட்டால் முழுதாகக் கரையாமல் மேலண்ணத்தில் ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். இப்போதைய நிலையில் அக்காவால் அதை நாக்கால் துழாவி எடுக்க முடியாது.

கொக்கோ பட்டர் ஏறத்தாழ 34 பாகையில் உருகிவிடும். வாய்க்குள் இருக்கும் சூடு 37. மெல்ல வேண்டியதில்லை, நாக்கில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாலே போதும். பழம், இனிப்பு என்று நான் யோசித்தவற்றுள் இப்படிப் பல்லையும் தொண்டையையும் கெஞ்சாமல் உள்ளே போகக்கூடியது வேறு எதுவும் இல்லை. அதனால் விலை கூடியதையே வாங்கினேன். கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் விளைச்சல் படுத்ததால் 2024 டிசம்பரில் உலகச் சந்தையில் கொக்கோ தொன் ஒன்றுக்கு 12,000 டொலரைத் தாண்டிப் போனது. அந்தச் சூடு நுவரெலியாக் கடைத்தெருவில் இன்னும் ஆறவில்லை. மாத்தளையில் கொக்கோ மரம் காய்த்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் வயிற்றெரிச்சலான விடயம்.

ஜூன் 7, சனி

சொக்லேட்டை உருக்கி அப்படியே அச்சில் ஊற்றினால் இந்தக் குளிரில் அது இறுகிவிடும், பார்ப்பதற்கும் சரியாகவே இருக்கும். ஆனால் ஒழுங்கு குலைந்து இறுகிய கொழுப்பு கொஞ்சச் சூட்டுக்கே இளகும். ஓரிரு நாளில் மேலே சாம்பல் பூத்துவிடும். கொக்கோ பட்டர் ஆறு விதமாகப் படிகமாகக்கூடியது. அவற்றுள் ஐந்தாவதுதான் பளபளப்பாகவும் சட்டென்று உடையக்கூடியதாகவும், கையில் ஒட்டாமலும் இருப்பது. கறுப்புச் சொக்லேட்டை அந்த நிலைக்குக் கொண்டுவர 45 பாகைக்கு மேல் உருக்கி, 27 வரை ஆறவிட்டு, மறுபடி 31, 32க்கு ஏற்றவேண்டும். வீட்டில் செய்கிறவர்களுக்குச் சுருக்கு வழி ஒன்று இருக்கிறது: மூன்றில் இரண்டு பங்கை உருக்கிவிட்டு, மீதியைப் பொடியாக நறுக்கிச் சிறிது சிறிதாகப் போட்டுக் கிளறினால், கரையாத துண்டுகளில் உள்ள நல்ல படிகங்கள் மற்றதையும் தம் வழிக்கு இழுத்துக்கொள்ளும்.

வெப்பமானிக்கு எங்கே போவது? சமையலுக்கென்று இந்த வீட்டில் ஒன்றும் கிடையாது. காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் வெப்பமானி, அலமாரியில் உறை பிரிக்காதது ஒன்று கிடந்தது. அது 32க்குக் கீழே எண் காட்டாது, 'லோ' என்று எழுதிவிடும். யோசித்துப் பார்த்தால் எனக்கு வேண்டிய எல்லையும் அதுதான். ஏறிய எண்ணை அது தானாக இறக்காது என்பதால், ஒவ்வொரு தடவையும் அணைத்துப் போட்டு முனையைச் சொக்லேட்டில் அமிழ்த்திப் பார்த்துக்கொண்டே கிளறினேன். 33 என்று காட்டியது 32 ஆகி, பிறகு 'லோ' என்று வந்ததும் கத்தி முனையைத் தோய்த்து மேசையில் வைத்தேன். தேநீர் ஆறும் நேரத்துக்குள் அது மங்காமல், கோடு விழாமல் இறுகிவிட்டது. சின்னவன் கத்தியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சித்தி, சொக்லேட்டுக்குக் காய்ச்சல் இல்ல" என்றான். அன்று முழுவதும் அவன் சிரித்தது அப்போதுதான்.

ஜூன் 8, ஞாயிறு

விடியற்காலையில் சமையலறையே 13 பாகைதான் இருந்திருக்கும். அந்தக் குளிரோடு குளிராகப் பெட்டியை மூடி, பத்திரிகைக் கடதாசியில் சுற்றி, அதன்மேல் தடித்த துவாயைச் சுற்றி அத்தானிடம் கொடுத்தேன். ஐஸ் போத்தல் வைக்கலாமே என்று அத்தை சொன்னார். வைக்கக்கூடாது. ஐஸ் பட்ட பெட்டியைக் கண்டியின் ஈரக் காற்றில் திறந்தால் சொக்லேட்டின் மேல் பனித்துளி கோத்துக்கொள்ளும். அது சீனியைக் கரைத்து, பிறகு காய்ந்து, சொரசொரப்பான வெள்ளைத் தோலை விட்டுச்செல்லும். அந்தச் சொரசொரப்பு புண்ணில் பட்டால்?

ஜூன் 9, திங்கள்

பெட்டி உருகாமல் போயிற்று. இரண்டு துண்டு சாப்பிட்டாளாம்.

ஜூன் 10, செவ்வாய். பொசொன் போயா.

நோயாளிக்குச் சீனி கொடுக்கலாமா என்று விசாரிக்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் கேட்டுவிட்டுப் போகிறார்கள். எடை குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எது இறங்குகிறதோ அதைக் கொடுங்கள் என்று வைத்தியரே சொல்லியிருக்கிறார். இதை ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பு இல்லை. இனிமேல் வருகிறவர்களுக்குத் தேநீர் மட்டும்தான்.

ஜூன் 13, வெள்ளி

பழம் வேண்டும் என்கிறாள். சொக்லேட் மட்டும் திகட்டுகிறதாம். அதுவும் கொடித்தோடைதான் வேண்டுமாம்.

இந்த ஊரில் லீக்ஸும் கரட்டும் எவ்வளவும் விளையும். வெயில் தேசத்துப் பழம் எதுவானாலும் லொறியில் மேலே ஏறித்தான் வரவேண்டும். கீழேயிருந்து வந்த பழத்தை இங்கே சொக்லேட்டுக்குள் அடைத்து மறுபடியும் கீழே அனுப்புவது ஒரு வேடிக்கையான வேலைதான். அது இருக்கட்டும். கொடித்தோடைச் சாற்றின் புளிப்பு வாய்ப் புண்ணில் பட்டால் எரியும். அன்னாசியும் ஆகாது. பச்சை அன்னாசியில் புளிப்போடு புரோமலின் என்ற நொதியும் இருக்கிறது, அது புரதத்தை அரிக்கக்கூடியது. ஆரோக்கியமான வாயையே சற்று நேரம் கூசவைத்துவிடும். பச்சை அன்னாசியைப் போட்டால் ஜெலட்டின் இறுகாமல் தண்ணீராகவே நிற்பதற்கும் அந்த நொதிதான் காரணம். கொதிக்கவைத்தால் அது செயலிழந்துவிடும், டின்னில் வரும் அன்னாசியில் ஜெலட்டின் இறுகுவது அதனால்தான். ஆனால் கொதித்தாலும் புளிப்பு போகாதே. பப்பாசியிலும் பப்பாயின் என்ற அதே இனத்து நொதி உண்டு. ஆனால் புளிப்பு இல்லாத பழம் என்பதால் காய்ச்சி எடுத்துவிட்டால் நாக்கை வதைக்காது. பழுத்த மாம்பழம், கோழிக்கூட்டு வாழைப்பழம், பப்பாசி, ஆனைக்கொய்யா. என் கையில் இருப்பவை இந்த நான்கும்தான்.

ஆனைக்கொய்யாவை டின் பாலும் கொக்கோத் தூளும் சேர்த்து மசித்தால் அடுப்பே தேவையில்லை. கரண்டியில் எடுத்தால் வழியாமல் நிற்கும், பச்சை வாடையும் கொக்கோவில் அடங்கிவிடும். சின்னவனுக்கு அதில் என்ன பழம் இருக்கிறது என்று கடைசிவரை பிடிபடவில்லை. ஆனால் அது பயணத்துக்கு ஆகாது, அன்றைக்கே உண்ணவேண்டிய பண்டம்.

ஜூன் 15, ஞாயிறு

தண்ணீர், தண்ணீர். இந்த வேலையில் எங்கே தொட்டாலும் தண்ணீரில் வந்துதான் முட்டுகிறது. உருகிய சொக்லேட்டில் ஆவியிலிருந்து ஒரு துளி சொட்டினால் போதும், சீனித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி மொத்தமும் மணலாகத் திரண்டுவிடும். ஆனால் ஒரு துளிக்குப் பதிலாகப் பல கரண்டி சூடான சாற்றை ஊற்றினால் அதே சொக்லேட் இளகிப் பளபளவென்று பசையாகிவிடுகிறது. கொஞ்சம் தண்ணீர் கெடுக்கிறது, நிறையத் தண்ணீர் சேர்க்கிறது. பழக்கூழ் முக்காலே மூன்று வீசமும் தண்ணீர்தான், ஆகையால் அளவறிந்து வற்றவைக்கவேண்டும்.

மாமா இருந்த காலத்தில் தேயிலைத் தொழிற்சாலையில் வாட்டிய கொழுந்தைக் கைப்பிடிக்குள் இறுக்கிவிட்டு விரலைத் திறப்பார். உருண்டை மெதுவாகப் பிரிந்தால் வாட்டம் சரி என்பார். பப்பாசிக்கூழின் பதமும் அந்தக் கை அறிகிற பதம்தான்: அகப்பையை இழுத்தால் சட்டியின் அடி ஒரு கணம் தெரிந்து, பிறகு நிதானமாக மூடவேண்டும். அப்படி வற்றிய கூழ் 100 கிராம், கறுப்புச் சொக்லேட் 200 கிராம், பட்டர் 25 கிராம். கூழைச் சூட்டோடு நறுக்கிய சொக்லேட்டின் மேல் ஊற்றி, ஒரு நிமிடம் தொடாமல் வைத்து, நடுவிலிருந்து சிறு வட்டமாகக் கிளறத் தொடங்கி வெளியே விரித்துக்கொண்டு வரவேண்டும். எண்ணெய் பிரிந்து மினுக்கத் தொடங்கினால் ஒரு கரண்டி வெதுவெதுப்பான பால் விட்டுக் கிளறினால் மறுபடி கூடிவரும். கடைசியில் ஒரு சிட்டிகை உப்பு. ஏலக்காய் போடலாமா என்று கை போயிற்று, பிறகு வேண்டாமென்று விட்டேன். மருந்துக்குப் பிறகு மணம்தான் அவளுக்கு முதலில் குமட்டுகிறது.

ஜூன் 18, புதன்

இரத்தப் பரிசோதனை சரியில்லை. அடுத்த மருந்து தள்ளிப்போயிருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

ஒன்றும் செய்யவில்லை.

ஜூன் 21, சனி

சின்னவனுக்காகக் கடற்பாசி காய்ச்சினேன். ஜெலட்டின் மாட்டின் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது என்று அத்தை அதைத் தொடமாட்டார்; கடற்பாசியோ கடலில் விளைவது, அதோடு பச்சைப் பழத்தின் நொதி அதை ஒன்றும் செய்யாது, அது புரதம் இல்லையே. இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால், கொதி வந்தவுடன் இறக்காமல் நார் முழுவதும் கரைந்து மறையும்வரை சில நிமிடம் கூடுதலாக விடவேண்டும். கீழே கொக்கோப் பால் ஒரு படை, அது தோல் கட்டியதும் மேலே மாம்பழக்கூழ் ஒரு படை. கீழ்ப்படை முற்றாக இறுகியபின் ஊற்றினால் இரண்டும் ஒட்டாமல் வெட்டும்போது கழன்றுவிடும். கடற்பாசி குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே இறுகும், மேசையில் வைத்தே வெட்டினேன். அத்தை இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு, இதை அவளுக்கு அனுப்பினால் என்ன என்று கேட்டார். கடற்பாசி வாயில் உருகாது, கடித்துத்தான் உண்ணவேண்டும் என்று சொன்னேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

பப்பாசி உருண்டைகளுக்கு மெல்லிய ஓடு போட்டேன். உருண்டை மிகக் குளிர்ந்திருக்கும்போது தோய்த்தால், பிறகு அது சூடேறி விரியும்போது ஓடு வெடித்துவிடும். அறையின் குளிரில் வைத்து எடுத்து, முள்ளுக்கரண்டியில் ஒவ்வொன்றாகத் தோய்த்து, மிகுதியைக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டி வழியவிட்டேன். ஓடு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. பஸ்ஸுக்கு ஓடு வேண்டும், அக்காவுக்கு ஓடு வேண்டாம். இரண்டுக்கும் நடுவில் நகத்தளவு கனம்தான் எனக்கு இடம். பழமும் தண்ணீரும் சேர்ந்தது ஆகையால் மூன்று நாளைக்குமேல் வைத்திருக்கவேண்டாம் என்று பெட்டியின் மேலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஆறு உருண்டையும் முடிந்தனவாம். பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு ஒன்று கொடுத்தாளாம். எனக்கு ஏனோ கோபம் வந்தது, பிறகு வெட்கமாகவும் இருந்தது. அடுத்த பெட்டியைப் பெரிதாக அனுப்பினால் தீர்ந்தது.

ஜூன் 27, வெள்ளி

மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. இறுகிய சொக்லேட்டைத் திறந்து வைக்க இது நாள் அல்ல. எல்லாவற்றையும் மூடியுள்ள டின்னில் அடுக்கி, கொஞ்சம் அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே வைத்தேன். அரிசி எவ்வளவு ஈரத்தை இழுக்குமோ, கைக்கு ஒரு வேலை ஆயிற்று.

எடை ஒரு கிலோ கூடியிருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

புண் ஆறிவருகிறது, இலேசான புளிப்பைக் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அத்தான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் கடைக்குக் கிளம்பிவிட்டேன். தோல் சுருங்கிய கொடித்தோடைதான் புளிப்புக் குறைந்தது, வழவழப்பாக அழகாயிருப்பதை எடுக்கக்கூடாது. கடைக்காரர் சுருங்கியவற்றை ஒதுக்கி வைத்திருந்தார், பாதி விலைக்கே கொடுத்தார்.

ஜூலை 2, புதன்

விதையை வடித்துச் சாற்றை மட்டும் எடுத்துக் காய்ச்சினேன். கறுப்புச் சொக்லேட்டின் கசப்போடு இந்தப் புளிப்பும் சேர்ந்தால் நாக்குக்கு அதிகமாகிவிடும் என்பதால் வெள்ளைச் சொக்லேட். அதில் கொக்கோ பட்டர் உண்டு, கொக்கோவின் கசப்பான பகுதி கிடையாது. அது இளகிய சாதி ஆகையால் 100 கிராம் சாற்றுக்கு 250 கிராமுக்குக் குறையாமல் போடவேண்டும். பாதிச் சாற்றுக்குப் பதிலாக மாம்பழக்கூழ் போட்டேன், முதல் தடவைக்கு அது போதும். நறுமணம் தெருவரைக்கும் போனதாக இவர் சொல்கிறார். ஓடு கறுப்பாகவே இருக்கட்டும். நாளை தோய்க்கவேண்டும், சனிக்கிழமை அத்தான் வருகிறார், காய்ச்சல் வெப்பமானிக்குப் புது பற்றரி வாங்கவேண்டும்.