வேலை கிடைத்தது, லைசென்ஸ் வரவில்லை: ஒரு ஹெட் அத்லெட்டிக் ட்ரெய்னரின் புலம்பல்

அமெரிக்காவில் வேறு மாநிலத்துக் கல்லூரிக்கு ஹெட் அத்லெட்டிக் ட்ரெய்னராக (விளையாட்டு வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் குழுவின் தலைவராக) போகிறவர்கள், அதிலும் பாஸ்போர்ட்டில் சர்நேம் இல்லாத நம்மூர்க்காரர்கள், வீடு தேடுவதற்கு முன்னால் அந்த மாநிலத்தின் தொழில் லைசென்ஸுக்கு அலைய ஆரம்பியுங்கள். எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை.

படிப்பெல்லாம் பெரிய கதை இல்லை. கோவையில் பிசியோதெரபி முடித்தேன். அந்தப் பட்டத்தை மட்டும் காட்டி பிஓசி (இந்தத் தொழிலுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பு) தேர்வு எழுத முடியாது என்பதால் இங்கே முதுகலை, பிறகு 175 கேள்வித் தேர்வு, சில வருடம் அசிஸ்டென்ட் வேலை.

புதுக் கல்லூரியின் எச்ஆர் அம்மா, "பிஓசி சான்றிதழ் நாடு முழுக்கச் செல்லும், கவலைப்படாதீர்கள்" என்றார். சான்றிதழ் செல்லும், சரி. கலிபோர்னியாவைத் தவிர மற்ற மாநிலங்களில் மாநில அனுமதி தனி. அது வராமல் ஒரு பையனின் கணுக்காலுக்கு டேப் சுற்றக்கூட நான் கை வைக்கக் கூடாது.

சிக்கல் பெயரில். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் என்பதால் விசாவில் என் முதல் பெயர் எஃப்என்யூ ("முதல் பெயர் தெரியவில்லை" என்பதன் ஆங்கிலச் சுருக்கம்), சோஷியல் செக்யூரிட்டி அட்டையிலும் அதுவே. முதுகலைச் சான்றிதழில் என் பெயரே இரண்டு முறை, பழைய மாநில லைசென்ஸில் அப்பா பெயரும் சேர்த்து. கைரேகை அறிக்கை எஃப்என்யூ பெயரில் போனதும், "இந்த மிஸ்டர் எஃப்என்யூ யார்?" என்று லைசென்ஸ் தரும் மாநில போர்டின் குமாஸ்தா ஃபைலை ஓரமாக வைத்துவிட்டார். பழைய மாநிலத்தின் சரிபார்ப்புக் கடிதத்தை நானே அனுப்பினேன், அதுவும் செல்லாதாம், போர்டிலிருந்து போர்டுக்கு நேராகத்தான் வர வேண்டுமாம். விண்ணப்பத்தில் ஒரு வரி போட்டிருந்தால் என்ன குறைந்துவிடும்?

இதற்குள் ஆகஸ்ட் ஃபுட்பால் முகாம் தொடங்கிவிட்டது. களத்தில் தினக்கூலிக்கு வந்த ட்ரெய்னர் ஓடிக்கொண்டிருக்க, தலைவர் நான் ஆபீசில் உட்கார்ந்து டேப் பெட்டி எண்ணினேன்.

கடைசியில் தொலைபேசியை விட்டுவிட்டு, ஃபைலை நிறுத்தி வைத்த காரணத்தை எழுத்தில் கேட்டு போர்டின் மேலதிகாரிக்கு மெயில் போட்டேன். மறுநாளே பதில்: எல்லாப் பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு உறுதிமொழி போதும். ஊரில் தாசில்தார் ஆபீஸ் வாசலில் டைப் அடித்துத் தருகிற அதே சமாச்சாரம்! இந்த வழி முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. எதையும் போனில் கேட்காதீர்கள், மெயிலில் கேளுங்கள்.

இன்னொன்று, ஆன்லைனில் மட்டும் முடித்த சிபிஆர் (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் முதலுதவி) அட்டையை பிஓசி ஏற்பதில்லை, பொம்மைமேல் கை வைத்து அழுத்திக் காட்டிய வகுப்பாக இருக்க வேண்டும்.

லைசென்ஸ் வந்ததும் முதல் சண்டை ஐஸ் தொட்டிக்கு. மைதான ஓரத்தில் இடத்தை அடைக்கிறது என்றார் ஒரு கோச். வெயிலில் ஹீட் ஸ்ட்ரோக் வந்தவரை முதலில் அந்தத் தொட்டியில் இறக்கிக் குளிர்விக்க வேண்டும், ஆம்புலன்ஸில் ஏற்றுவது அப்புறம். 2018இல் மேரிலாந்து பல்கலைக்கழக ஃபுட்பால் வீரர் ஜோர்டன் மெக்நேர் பயிற்சியில் ஹீட் ஸ்ட்ரோக் வந்து பிறகு இறந்தார், அவருக்கு அந்தக் குளிர்விப்புதான் நடக்கவில்லை. மருத்துவ முடிவில் கோச் தலையிடக் கூடாது என்று கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் விதியே இருக்கிறது, அதை அச்செடுத்து அவர் மேஜையில் வைத்தேன். தொட்டியை யாரும் நகர்த்தவில்லை.

சோஷியல் செக்யூரிட்டியில் பெயரைத் திருத்துவது எப்படி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அடுத்து அங்கேதான் போகிறேன்.