ஆட்டுக்குத் தண்ணீர் காட்டலாமா?

நான் வேலை செய்யும் செம்பனை ஆலையின் கடைசிக் கழிவுநீர்க் குளத்திலிருந்து ஆற்றில் தண்ணீர் விழும் அவுட்லெட்டில் சேம்பிள் எடுத்துக்கொண்டிருந்தபோது, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பாட்டி ஒருவர் கேட்ட கேள்வி இன்னும் என்னை விட்டபாடில்லை. “தம்பி, இந்த ஆத்துத் தண்ணிய ஆட்டுக்குக் காட்டலாமா?” என்றார். நான் சொன்னது: “லிமிட்டுக்குள்ளதான் இருக்கு பாட்டி.”

பொய் இல்லை. அன்று லேப் போர்டில் இருந்த பிஓடி, அதாவது தண்ணீரில் உள்ள அழுக்கைக் கிருமிகள் தின்னும்போது இழுக்கும் ஆக்சிஜனின் அளவு, லிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல். மலேசியச் சட்டம் 100 வரை விடுகிறது. 100க்குக் கீழே கொண்டுவருவது லேசுப்பட்ட காரியமா என்ன? செம்பனை ஆலைக் கழிவுநீர் வெளியே வரும்போது 80, 90 டிகிரிச் சூட்டில், கெட்டிக் காப்பி மாதிரி, பிஓடி 25,000 வாக்கில் இருக்கும். குளம் மாற்றிக் குளம் மாற்றி, வாரக்கணக்கில் அழுக்கைக் கிருமிகள் தின்னவிட்டு, அடியில் தேங்கும் சேற்றை அள்ளி, அப்புறம்தான் அந்த எண் இறங்கும். 1978இல் 5,000 வரை அனுமதித்தார்கள், படிப்படியாக இறுக்கி 1984இல் 100க்கு வந்தது. அதற்கு முன்னால் ஆறு எப்படி நாறும் என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால் அந்தப் பதிலைக் கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னேன், அதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் பாட்டி கேட்டது லிமிட்டை இல்லையே. அவர் குனிந்து விரலை நனைத்து, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். பிசுக்கு இல்லை. “கலருதான் சரியில்ல” என்றார். கலர் எங்கள் பட்டியலிலேயே கிடையாது. பிஓடி, மிதக்கும் திடப்பொருள், எண்ணெய், நைட்ரஜன், பிஎச், சூடு, அவ்வளவுதான். எல்லாம் பாஸான பிறகும் அந்தக் கரும்பழுப்பு போகாது. இன்னொன்று, பிஓடி பாட்டிலை 30 டிகிரியில் 3 நாள் வைத்தால்தான் ரிசல்ட் வரும். நான் சொன்ன எண்ணுக்கு உரிய தண்ணீர் அதற்குள் எங்கேயோ போயிருக்கும், பாட்டி காட்டியது முதல் நாள் இரவு அடித்த மழையில் குளம் விளிம்புவரை ஏறி வழிந்த தண்ணீரை.

அதைவிட உறுத்துவது வேறொன்று. அந்த 100 ஆற்றில் விடுகிற கழிவுநீருக்கு. ஆற்றுக்கென்று தனியாகத் தேசிய நீர்த்தரப் பட்டியல் இருக்கிறது. அதில் கால்நடை குடிக்கும் தண்ணீர் மூன்றாம் வகுப்பு, பிஓடி 6. பாட்டியின் கேள்விக்குச் சரியான எண் அதுதான், எனக்கு அது தெரியும். 70 எப்படி 6 ஆகும்? ஆற்றில் ஓடுகிற தண்ணீர் கலந்துதான். மழைக்காலத்தில் சரி. வெயிலில் கணுக்கால் அளவு ஓடும்போது எதோடு கலக்கும்?

சரி, வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? “வேண்டாம் பாட்டி” என்றால் எந்த ரிசல்ட்டை வைத்து? அவுட்லெட்டுக்கு அப்பால் நான் சோதிப்பதே இல்லை. அன்று சாயங்காலமே ஒட்டுக்கடையில் “ஆலைக்காரனே சொல்லிட்டான்” என்று பேச்சாகியிருக்கும். 2024இல் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை 1 கோடி வெள்ளி (ரிங்கிட்) வரை ஏற்றிய பிறகு ஆபீசில் எல்லாருக்கும் கண் அந்த எண் மேலேயே இருக்கிறது. அது நல்லதுக்குத்தான். ஆனால் அந்த எண் சரியாக இருந்தால் ஆறும் சரியாக இருக்கிறது என்று நாங்களே நம்ப ஆரம்பித்துவிடுகிறோம், அதுதான் எனக்குப் பயம்.

போன வாரம் யாரும் சொல்லாமல், பாலத்துக்குக் கீழே ஒரு பாட்டில் பிடித்து எங்கள் சேம்பிளோடு இன்குபேட்டரில் வைத்தேன். வந்த எண் 6ஐத் தாண்டியிருந்தது, 10ஐத் தொடவில்லை. மேலே இருக்கும் கோழிப்பண்ணையும் லயத்துச் சாக்கடையும் அதே ஆற்றில்தான் விழுகின்றன, ஆகவே அதில் எங்கள் பங்கு எவ்வளவு என்று அந்த ஒரு பாட்டில் சொல்லாது. ஆலைக்கு மேலேயும் ஒன்று எடுத்திருக்க வேண்டும்.

பாட்டியிடம் பைப் தண்ணீரே காட்டச் சொல்லிவிடலாம் என்றுதான் இப்போது நினைக்கிறேன். பில் யார் கட்டுவது என்று கேட்பார், அது நியாயமான கேள்வி. ஏன் வேண்டாம் என்றும் கேட்பார். அதற்கு 70ஐச் சொல்வதா, பாலத்தடியில் வந்ததைச் சொல்வதா என்பதில்தான் நின்றுகொண்டிருக்கிறேன்.