பழைய நாணயங்களுக்கு ஒரு பதிவேடு

அம்மம்மாவின் தகரப்பெட்டியில் கிடந்ததோ, கொழும்புப் புறக்கோட்டையில் வாங்கியதோ, பழைய நாணயம் ஒன்று கைக்கு வந்ததும் அது எங்கிருந்து வந்தது என்பதைத்தான் முதலில் எழுத வேண்டும். ஆண்டும் அரசர் பெயரும் நாணயத்திலேயே இருக்கும், எப்போதும் பார்த்துக்கொள்ளலாம். யார் வீட்டில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பது மறந்தால் மறந்ததுதான்.

தடித்த மட்டைபோட்ட சீஆர் கொப்பி ஒன்று போதும். ஒரு நாணயத்துக்கு ஓர் இலக்கம். விற்றாலும் தொலைந்தாலும் அந்த இலக்கத்தை இன்னொன்றுக்குக் கொடுக்க வேண்டாம். படங்களுக்கும் அதே இலக்கம்தான்: 047அ முன்பக்கம், 047ஆ பின்பக்கம், அருகில் ஓர் அடிமட்டம், வெளிச்சம் பக்கவாட்டில்.

நிறையை விடவே கூடாது. 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு நிறுங்கள், காற்றுப்பட்டால் கடைசி இலக்கம் ஆடும். 1937 ஆம் ஆண்டின் இலங்கை 1 சதம் சுமார் 4.72 கிராம். போர்க்காலத்து 1943 ஆம் ஆண்டின் 1 சதம் ஏறக்குறைய அதில் பாதிதான். அகலத்தில் இரண்டும் ஒன்றே, தடிப்பில்தான் வேறுபாடு. நிறை எழுதாத பதிவில் இது தெரியவே வராது. விட்டத்துக்குப் பிளாஸ்ரிக் வேணியர் இடுக்கி நல்லது, உருக்குத் தாடை கீறிவிடும்.

அச்சின் திசையையும், அதாவது முன்பக்கத்துக்குப் பின்பக்கம் எப்படித் திரும்பி அச்சாகியிருக்கிறது என்பதையும், குறியுங்கள். நாணயத்தின் மேல்விளிம்பையும் கீழ்விளிம்பையும் இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் திருப்புங்கள். பின்பக்கம் நேராக நின்றால் கடிகார முள்போல 12, தலைகீழானால் 6 என்று எழுதுங்கள். போலி வார்ப்புகள் சில இதிலேயே அகப்படும்.

மண்ணில் தோண்டியெடுக்கும் ஆசை வேண்டாம். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, 02.03.1815 க்கு முற்பட்டதாய் நிலத்தில் மறைந்து கிடப்பது அரசின் சொத்து. தேடி அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும். தற்செயலாகக் கிடைத்தால் கழுவாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். பழைய நாணயங்களைப் பார்த்து ஒப்பிடக் கோட்டையில், சதாம் வீதியில், மத்திய வங்கியின் பொருளாதார வரலாற்று அரும்பொருட்காட்சியகம் இருக்கிறது.

கொழும்பின் உப்புக்காற்றில் செம்பும் வெண்கலமும்தான் அதிகம் பாடுபடும். நாணயத்தில் பச்சை தென்பட்டால் ஊசிமுனையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஒட்டும் பச்சை என்றால் பிவிசி பிளாஸ்ரிக் உறையிலிருந்து வந்தது, தூய அசிற்றோனில் கரையும். வெளிறிய தூளாய் உதிர்ந்தால் குளோரைட்டு அரிப்பு. ஈரம் இருக்கும்வரை அது நிற்காது. அந்த நாணயத்தை மட்டும் பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். கறையைப் புளி போட்டுத் தேய்க்கவே வேண்டாம், எழுத்தும் காலத்தால் படிந்த மேற்படலமும் சேர்ந்தே போய்விடும். பச்சை கண்ட திகதி, எந்தப் பக்கம், எவ்வளவு அகலம், சிலிக்கா ஜெல் மாற்றிய திகதி எல்லாம் அந்த நாணயத்தின் இலக்கத்தின் கீழேயே வரட்டும். அதற்காக ஒவ்வொரு பதிவுக்கும் அரைப்பக்கம் வெறுமையாக விட்டு எழுதுங்கள்.