வில்லியம் மோரிஸ் காலரி: அந்த நீலத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள்

லண்டனில் விக்டோரியா லைன் சுரங்க ரயில் முடியும் வால்தம்ஸ்டோ சென்ட்ரலில் இறங்கினால் கால் மணி நேர நடை. துணி, சுவர்த்தாள் வடிவங்களுக்குப் பேர்போன ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸின் குடும்பம் 1848 முதல் 1856 வரை குடியிருந்த வீடுதான் இப்போது அருங்காட்சியகம். கட்டணம் இல்லை, திங்கள் விடுமுறை.

நேரம் குறைவென்றால் நேராக அச்சுத் துணிகளிடம் போய்விடுங்கள். 1883இல் வந்த மோரிஸின் ‘ஸ்ட்ராபெர்ரி தீஃப்’ வடிவத்தில் அந்த நீலம் அச்சடித்ததல்ல. துணி முழுவதையும் அவுரித் தொட்டியில் முக்கிவிட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் மரக்கட்டையால் வெளுக்கும் மருந்தை ஒற்றி நீலத்தை எடுத்திருக்கிறார்கள். முழுசாக எடுத்தால் வெள்ளை, பாதி எடுத்தால் வெளிர்நீலம். பிறகு சிவப்பு, மஞ்சள். பச்சைக்குத் தனிச் சாயமே இல்லை. வெளிர்நீலத்தின் மேல் மஞ்சள் விழுந்ததுதான் இலை. நடுநடுவே அலசி உலர்த்தணும் என்பதால் வேலை நாள்கணக்கில் இழுக்கும் (விலை ஏன் ஏறியது என்று கேட்கவே வேண்டாம்).

இலை ஓரத்தில் மெல்லிய மஞ்சள் கீற்று தெரிந்தால் கட்டை ஒரு நூல் நகர்ந்திருக்கிறது. இலை முழுக்கவே நீலமாகத் தெரிந்தால் அது அச்சுப் பிழை இல்லை. தாவர மஞ்சள் வெளிச்சத்தில் முதலில் வெளிறிவிடும். துணிகளுக்குச் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் மங்கலான விளக்கு வைப்பது அதனால்தான். கண் பழக இரண்டு நிமிடம் கொடுங்கள். துணிகளை அவ்வப்போது மாற்றி வைப்பார்கள், குறிப்பிட்ட ஒன்றுக்காகப் போவதென்றால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.