அம்மா நேர்ந்துகொண்ட கரும்புத் தொட்டில்

தம்பிக்குக் கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தை தங்காமல் போனபோது, சமயபுரத்தாளுக்குக் கரும்புத் தொட்டில் போடுவதாக அம்மா நேர்ந்துகொண்டாள். பேரன் பிறந்தான். அவனைக் குளிப்பாட்டினாள், குப்புற விழுந்ததற்குக் கொழுக்கட்டை செய்து தெருவுக்கே கொடுத்தாள். தொட்டில் போடுவதற்குள் ஆத்தா அவளை அழைத்துக்கொண்டாள். வருஷத் திதி முடியட்டும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டதால், இந்தப் பங்குனியில்தான் போய் நேர்த்தியை முடித்தோம்.

நாங்கள் ஸ்ரீரங்கத்துக்காரர்கள். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி நம்பர் ஒன் டோல்கேட் வந்துவிட்டால் அப்புறம் சமயபுரம் எவ்வளவு தூரம்! பூச்சொரிதலுக்கு அம்மா மஞ்சள் புடவையில் நடந்தே போவாள். “அண்ணன் ஊர்லேருந்து தங்கச்சி வீட்டுக்குப் போறேன், வெறுங்கையோட போகலாமா?” என்று கூடை நிறையப் பூ வாங்குவாள். தைப்பூசத்தன்று கொள்ளிடக் கரையில் ரங்கநாதரிடமிருந்து அம்மனுக்குச் சீர் வருவதைப் பார்த்துவிட்டு வந்து, “பெருமாளே தங்கச்சிக்குச் செய்யறார், உங்க அக்காவ மறந்துடாதே” என்று தம்பியிடம் ஆரம்பித்துவிடுவாள்.

பச்சைப் பட்டினிதான் அவளுடைய பெரிய விரதம். நமக்காக அம்பாளே 28 நாள் சமைத்த நைவேத்தியம் இல்லாமல் துள்ளுமாவும் நீர்மோரும் இளநீருமாக இருக்கும்போது நமக்கென்ன சோறு என்பாள். எங்களுக்கு மட்டும் குறைவைக்க மாட்டாள். சாம்பார், பொரியல், அப்பளம் எல்லாம் உண்டு. உப்புக்கூடப் பார்க்காமல் கை அளவிலேயே போடுவாள், சரியாக இருக்கும். அவளுக்கு வெள்ளரிப்பிஞ்சும் ஒரு டம்ளர் மோரும். ஊறவைத்து வடித்த பச்சரிசியை இடித்து வெல்லம் சேர்த்துப் பிசையும்போது விரலில் ஒட்டியதைக்கூட நாக்கில் வைக்க மாட்டாள், படைத்த பிறகுதான். நான் சென்னைக்குப் போன பிறகு அந்த நாட்களில் தினமும் போன் செய்து, “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்பேன். “மோர் குடிச்சேன்டி, நீ சாப்பிட்டியா?” என்பாள். அவ்வளவுதான் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்று வியாழக்கிழமை போனோம். பச்சைப் பட்டினி நேரத்தில் எந்தக் கிழமையானால் என்ன, அதே கூட்டம்தான். காரிலிருந்து இறங்குவதற்குள் நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். “தொட்டிலா? கரும்பு, ஆளு எல்லாம் நம்மகிட்டயே இருக்கு, நேரா சாமி முன்னாடி விட்டுடறேன்.” ஒருவர் கேட்காமலே குழந்தை நெற்றியில் குங்குமத்தை அப்பிவிட்டுக் காசுக்குக் கை நீட்டினார். பணம் வாங்கிக்கொண்டு கூடவே வந்தவரோ கோபுர வாசலில் மாயமாகிவிட்டார். கரும்பு விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. ஆத்தா வாசலில் வயிறெரியக் கூடாது என்று தம்பி மனைவிதான் எங்களைச் சமாதானப்படுத்தினாள்.

தொட்டிலுக்கு அவளுடைய சீமந்தப் புடவை. அம்மாவே எடுத்துக் கொடுத்தது, மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை. “தொட்டிலுக்கு வேணும், பத்திரமா வை” என்று அன்றைக்கே சொல்லி வைத்தாளாம். குழந்தை பிறக்கும் என்பதில் அவளுக்கு அவ்வளவு நிச்சயம். கரும்பில் புடவையைக் கட்டி, தம்பி முன்னாலும் அவள் பின்னாலும் தோள் கொடுக்க, அத்தை நான் தொட்டிலைப் பிடித்துக்கொண்டேன். பையன் படுக்கிற வயதைத் தாண்டிவிட்டான். எழுந்து உட்கார்ந்து கரும்புத் தோகையை இழுத்தபடியே வந்தான். கல்தரை கொதித்தது. முன்னால் போன ஒரு அம்மா, யாரென்றே தெரியாது, தன் பாட்டிலில் இருந்த குடிதண்ணீரை எங்கள் காலடியில் ஊற்றிக்கொண்டே போனார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

சன்னதியில் “நகருங்க, நகருங்க” என்று ஒரே சத்தம். எனக்கு முன்னால் நின்றவர் விலகியதும் சட்டென்று தெரிந்தாள். அத்தனை பெரிய திருமேனி, எட்டுக் கை, சிவந்த முகம். தம்பிக்கு வேலை, என் மூட்டுவலி, பெண்ணின் படிப்பு என்று வரிசையில் நிற்கும்போது மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. “சாப்பிட்டியாம்மா?” என்றேன். சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்தில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் அழுகைதான். யாரோ தோளைப் பிடித்துத் தள்ளினார்கள், வெளியே வந்துவிட்டேன். எத்தனை நொடி நின்றேனோ, அது போதும் எனக்கு.

நேர்ந்துகொண்டபோது அம்மா மஞ்சள் துணியில் முடிந்த காசை உண்டியலில் போட எடுத்து வந்திருந்தோம். பூஜை அலமாரியில் பார்த்தால் ஒன்றில்லை, மூன்று முடிச்சு. ஒவ்வொன்றும் முடிச்சுமேல் முடிச்சாக, நகத்தால்கூடப் பிரிக்க முடியாத இறுக்கம். எது தொட்டிலுக்கு, மற்றது யாருக்காக எந்தச் சாமிக்கு முடிந்தது, ஒன்றும் தெரியவில்லை. “எல்லாத்தையும் இவகிட்டயே போடு, யாருக்குச் சேரணுமோ சேர்த்துடுவா” என்றார் பெரியம்மா. மூன்றையும் பிரிக்காமலே போட்டோம். மற்ற இரண்டு வேண்டுதலும் எங்களில் யாருக்கோ பலித்துத்தான் இருக்கும். பலித்த மாதிரிதான் இருக்கிறோம் எல்லோரும். மகமாயி, கோடி நமஸ்காரம்.