ஓலையும் பட்டர் ஷீட்டும்

எட்டாம் வகுப்புப் பையன். மகாமகக் குளக்கரையில் இருக்கும் 16 மண்டபங்களில் ஒன்றைக் கறுப்பு மையில் வரைந்து, ஈரம் காயும் முன்பே கொண்டுவந்து என் மேஜையில் வைத்தான். நான் கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் டிராயிங் மாஸ்டராகச் சேர்ந்து அப்போது இரண்டாவது வருஷம். மண்டபத்தின் மேல்தளக் கோடு ஒரு பக்கமாக ஏறியிருந்தது. தூண்கள் நன்றாக நின்றன. தூண்களைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவன் கையிலிருந்த பேனாவை வாங்கி, ஏறியிருந்த கோட்டை மறைக்கிற மாதிரி கனமாக ஒரு கோடு இழுத்து, "இப்படி வரணும், பாரு" என்றேன். இரண்டு மூன்று இடங்களில் நிழலும் போட்டுக் கொடுத்தேன். படம் முன்பைவிட எடுப்பாகத்தான் ஆனது.

பள்ளிக் கண்காட்சிக்குப் படங்களைத் திரட்டியபோது அவனுடையதைக் கேட்டேன். "அது நீங்க வரைஞ்சதுதானே சார்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. உண்மை என்று நினைத்ததைச் சொன்னான். அந்த வருஷம் முழுக்க அவன் இங்க்கைத் தொடவே இல்லை. பென்சிலில் வரைவான், நான் பக்கத்தில் வருவதற்குள் ரப்பரை எடுத்துவிடுவான்.

பென்சில் படத்தில் வாத்தியார் கை பட்டாலும் அழித்துவிட்டுத் தொடரலாம். மையில் அது நடக்காது. தடித்த தாளாக இருந்தால் பிளேடால் சுரண்டிப் பார்க்கலாம், அதுவும் ஓரளவுக்குத்தான். மைப்படத்தில் இருட்டைக் கூட்டலாம், குறைக்க முடியாது. வெளிச்சம் என்பது நாம் தொடாமல் விட்ட தாள். அதனால் மைப்படத்துக்குச் சொல்லும் கருத்து இரண்டே வகைதான். இந்தப் படத்தில் இன்னும் எங்கே கோடு சேர்க்கலாம் என்பது ஒன்று. அடுத்த படத்தில் எதை முதலில் பார்த்து அளக்க வேண்டும் என்பது இன்னொன்று. "இதை ஏன் இப்படி வரைஞ்சே" என்பது இரண்டிலும் சேராது. வரைந்தவனுக்கும் அது முன்பே தெரியும், ராத்திரி படுக்கும்போதும் அதையேதான் நினைத்துக்கொண்டிருப்பான்.

அந்தப் பையனுக்குப் பிறகு என் மேஜை டிராயரில் எப்போதும் பட்டர் ஷீட், அதாவது அடியில் இருப்பது தெரிகிற மெல்லிய தாள், இருக்கும். படத்தின் மேல் அதை விரித்து, சொல்ல வேண்டியதை அதன் மேல் பென்சிலால் வரைந்து காட்டுவேன். ஷீட்டை எடுத்துவிட்டால் படம் வரைந்தவனுடைய படமாகவே கிடக்கும். என் கோடு வேண்டுமென்றால் பார்க்கலாம், வேண்டாமென்றால் மடித்துத் தூர வைக்கலாம்.

ஓய்வுபெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பேராகப் பக்கத்திலிருக்கும் தாராசுரம் கோயிலுக்கு வரையப் போகிறோம். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர், உரக்கடைக்காரர், கல்லூரிப் பிள்ளைகள், மின்வாரியத்தில் லைன்மேனாக இருக்கும் ஒருவர். பத்திரிகை ஓவியர் கோபுலு ஓவியம் படித்த ஊர் கும்பகோணம் என்ற பெருமையைச் சொல்லிச் சொல்லியே இவர்களைச் சேர்த்தேன். இரண்டு மணி நேரம் வரைவோம். அப்புறம் புல்தரையில் எல்லாப் படங்களையும் பரப்பி வைத்துக்கொண்டு பேசுவோம். வரைவதைவிடப் பேசுவதுதான் கஷ்டமாக இருந்தது.

நம் பேச்சில் ஒரு சிக்கல் இருக்கிறது. "நல்லா இருக்கு" என்றால் பேச்சு அதோடு முடிந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றால் அந்தத் 'தான்' போதும், வரைந்தவர் முகம் சுருங்கிவிடும். "நல்லாத்தான் இருக்கு, ஆனா" என்று ஆரம்பித்தால் 'ஆனா'வுக்கு முன்னால் சொன்ன எதுவும் காதில் ஏறாது. எனவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். படத்தைக் காட்டுகிறவர் முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "எப்படி இருக்கு?" என்பது கேள்வி இல்லை. "தேர்ச் சக்கரம் மண்டபத்தோடு ஒட்டி நிக்குதா, தனியா மிதக்குதா?" என்பது கேள்வி. குதிரை பூட்டிய தேர் போலக் கல்லில் கட்டிய ராஜகம்பீரன் மண்டபத்தில் எல்லாரும் முதலில் அந்தக் கல் சக்கரத்தின் ஆரங்களைத்தான் எண்ணி எண்ணி வரைவார்கள், கடைசியில் குதிரைக்குத் தாளில் இடம் இருக்காது. அப்படி வந்த படத்தைப் பார்த்து "சக்கரம் பிரமாதம்" என்று சொல்லி அனுப்புவது துரோகம் என்றே நினைக்கிறேன். "குதிரை எங்கே?" என்று மட்டும் கேட்பதும் சரியில்லை. சக்கரத்தின் உயரத்தைப் போல மண்டபம் எத்தனை மடங்கு என்று கையை நீட்டிப் பென்சிலால் அளக்கச் சொன்னால், அடுத்த ஞாயிறு குதிரை வந்துவிடும்.

நான் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "வெள்ளையை எங்கே விட்டீங்க?" கோயில்களை வரைந்து புகழ்பெற்ற ஓவியர் சில்பியின் பேனா ஓவியங்களைக் காட்டி, கல்லில் வெயில் விழும் இடத்தை அவர் எப்படி விட்டுவைக்கிறார் பாருங்கள் என்பேன். புதிதாக வரைபவர்களுக்குத் தாளை வெறுமையாக விட மனசு வராது. குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு மூடிவிடுவார்கள்.

எல்லாக் குறையும் கையின் குறை இல்லை என்பதையும் அங்கேதான் கற்றேன். அந்த நர்ஸம்மா வரைந்த கோடுகள் எல்லாம் ஓரத்தில் பிசிறடித்தன. "அழுத்தாதீங்க", "வேகமா இழுங்க" என்று ஆளுக்கொன்று சொன்னோம். மூன்று வாரம் அவர் தன் கையையே திட்டிக்கொண்டிருந்தார். ஐப்பசி மாசம், அடைமழை, காற்றெல்லாம் ஈரம். அவர் வரைந்துகொண்டிருந்தது ஜெராக்ஸ் கடையில் வாங்கிய மெல்லிய 75 ஜிஎஸ்எம் தாள்; ஈரத்தில் மை அதில் ஊறிப் பரவியது. என் பையிலிருந்த தடித்த 200 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ் தாள் ஒன்றைக் கொடுத்தேன். அதே கை, அதே பேனா, கோடு கம்பி போல விழுந்தது. மூன்று வாரம் அவரை வருத்தியதற்கு எல்லார் முன்பும் மன்னிப்புக் கேட்டேன்.

கருத்தை வாங்கிக்கொள்ளுவது எப்படி என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் சுவாமிமலை ஸ்தபதி ஒருவர். தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் ஒரு பார்வதி செப்புத் திருமேனியை இரண்டு நாள் உட்கார்ந்து மையில் வரைந்திருந்தேன். எனக்கே பிடித்துப்போய், அவரிடம் காட்டினால் நாலு வார்த்தை புகழ்ந்து சொல்வார் என்ற ஆசையில்தான் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அவர் மெழுகில் ஒரு கையின் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். மெழுகும் குங்கிலியமும் உருகும் வாசனை. படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். எதுவும் சொல்லவில்லை. ஒரு தென்னோலைக் கீற்றைக் கிழித்து, படத்தில் அம்மனின் உயரத்துக்குச் சரியாக நறுக்கினார். பிறகு அதை மடிக்க ஆரம்பித்தார். மடிக்க மடிக்க நகத்தால் அழுத்திக் கோடு வைத்தார். சிலை செய்ய அவர்கள் அளவெடுப்பதே இப்படித்தான். அம்மனுக்கு மத்திம தசதாளம் என்ற சிற்ப அளவு முறை, உயரம் முழுக்க 120 பாகம்.

மடித்த ஓலையைப் பிரித்துப் படத்தின் மேல் வைத்தார். "முகம் இதுவரைக்கும் வரணும் தம்பி. உங்களுது இங்க வந்துருக்கு." அரை விரற்கடை கூடியிருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. "நான் தரையில உக்காந்து பார்த்தேன் ஐயா, சிலை மேல பீடத்துல இருந்துச்சு. அந்தக் கோணத்துல அப்படித் தெரிஞ்சுச்சு" என்றேன்.

அவர் ஓலையை எடுக்காமலே கேட்டார்: "கீழேர்ந்து பார்த்தா முகம் சின்னதால்ல தெரியணும்?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. முகம் பிடித்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் பெரிதாக வரைந்துவிட்டேன். நடந்தது அவ்வளவுதான். அவர் என் படத்தை நல்லது என்றும் சொல்லவில்லை, மோசம் என்றும் சொல்லவில்லை. ஓலையைச் சுருட்டி என் கையில் கொடுத்துவிட்டு விரலைப் பிடிக்கப் போய்விட்டார். சாக்குச் சொல்ல வாய் வரும்போதெல்லாம் இப்போதும் அந்த ஓலை என் கண்முன் வரும்.

லைன்மேன் தம்பி எங்கள் குழுவுக்கு வந்து ஒரு வருஷம் இருக்கும். ஆரம்பத்தில் பக்கத்துக் கல்லையும் தூரத்துத் தென்னையையும் ஒரே பருமனில் வரைவார். கிட்டத்தில் இருப்பதற்குத் தடித்த 0.8 பேனா, தூரத்தில் இருப்பதற்கு மெல்லிய 0.1 என்று சொன்னேன், பிடித்துக்கொண்டார். ஆனால் மற்றவர்கள் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். "எனக்கென்ன சார் தெரியும்" என்பார்.

போன மாசம் அரசலாற்றுக் கரையோரத் தெரு ஒன்றை நான் வரைந்து பரப்பியிருந்தேன். திண்ணை வீடு, சைக்கிள், தெருவின் குறுக்கே மின்கம்பிகள். "தெரு ஏன் விறைச்சாப்ல இருக்கு?" என்பது என் கேள்வி. எனக்கு நிஜமாகவே பிடிபடவில்லை. ஜன்னல், நிழல் என்று ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்தார்கள்.

"சார், நான் ஒண்ணு சொல்லலாமா?" லைன்மேன் தம்பி. "கம்பியை ஸ்கேல் வெச்சு இழுத்திருக்கீங்க. அப்படி நாங்க கட்டவே மாட்டோம் சார். மார்கழிக் குளிர்ல கம்பி சுருங்கும், இழுத்துக்கும். தொய்வு விட்டுத்தான் கட்டணும்."

பேனாவை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. என் பையைத் திறந்து ஒரு பட்டர் ஷீட்டை உருவி, என் படத்தின் மேல் விரித்து, நான்கு ஓரத்திலும் கூழாங்கல் வைத்தார். பென்சிலால் கம்பத்திலிருந்து கம்பத்துக்கு மூன்று கோடு போட்டார். மூன்றும் ஒரே தொய்வு இல்லை. நடுவில் இருந்தது கொஞ்சம் கூடுதலாக இறங்கியிருந்தது. "இது பழைய கம்பி சார்" என்றார்.