முத்துவின் காதோரம்

ஜூன் 3
எங்கள் பூனை முத்துவின் இடது காதோரத்தில் எட்டணா அளவுக்கு முடி இல்லை. சொறிவதில்லை, சோற்றிலும் குறைவைக்கவில்லை. தெருவிலிருந்து தூக்கி வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, மாடியில் இன்னொரு பூனை கருப்பியோடு கட்டிப் புரளுகிறான். அவளுடைய நகக் கீறலாகத்தான் இருக்கும் என்றாள் அம்மா. பீரோவில் கிடந்த ஏதோ களிம்பையும் தடவிவிட்டாள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஜூன் 9
அம்மாவின் முழங்கை மடிப்பில் சிவந்த வட்டம். ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து, அசல் படர்தாமரை, பூஞ்சைத் தொற்று. நகக் கீறல் கதை அத்தோடு முடிந்தது.

ஜூன் 10
இரண்டு பூனைகளையும் கூடையில் போட்டுக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். டாக்டரம்மா அறையை இருட்டாக்கி வூட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கைப் பிடித்தார். முத்துவின் காது மினுங்கியது. "பூஞ்சைதானே?" என்று துள்ளினேன். "அது நீங்க போட்ட களிம்பு" என்றார். துடைத்ததும் மினுக்கம் போயே போச்சு.

பூஞ்சை என்றால் முடித்தண்டே ஆப்பிள் பச்சையில் ஒளிருமாம். செதிலும் தூசியும் மினுங்குவது கணக்கில் வராது. சரி, பச்சை இல்லையே என்று நிம்மதி அடையவும் முடியாது. பூனைகளுக்கு அதிகம் வரும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற பூஞ்சையிலேயே ஒளிராத வகை உண்டு. எலிகளிடமிருந்து தொற்றும் ட்ரைக்கோஃபைட்டான் என்ற பூஞ்சை ஒளிரவே ஒளிராது.

அப்புறம் புது டூத் பிரஷ் ஒன்றைப் பிரித்து உடம்பு முழுக்க வாரி, காதைக் கடைசியில் வாரினார். அங்கேயே தொடங்கினால் பூஞ்சையை நாமே உடம்பெல்லாம் பரப்பிவிடுவோம். கருப்பிக்குத் தனி பிரஷ். ஒரு முடிகூடக் கொட்டாதவளுக்கு எதற்கு, தண்டச் செலவு என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 17
முத்துவின் பிரஷை ஒற்றிய தட்டில், பூஞ்சை வளர்க்கும் மஞ்சள் ஊடகம் சிவந்து, மேலே பஞ்சு போல் வெள்ளை முளைத்திருக்கிறது. படர்தாமரைப் பூஞ்சை வளர்ந்தால் சிவக்குமாம், ஆனால் டாக்டரம்மா சிவப்பை மட்டும் நம்பமாட்டேன் என்கிறார். காற்றில் வரும் சாதாரணப் பூஞ்சணமும் நாள் போனால் சிவக்க வைத்துவிடுமாம். இன்னும் காத்திருக்க வேண்டும்.

ஜூன் 20
மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டார். நூல் நூற்கும் கதிர் போன்ற வித்துகள், தடித்த சுவர், உள்ளே ஆறுக்கு மேல் அறைகள். கேனிஸேதான். கருப்பியின் தட்டிலும் இரண்டு பூஞ்சைத் திட்டு! ரோமத்தில் வெறுமனே ஒட்டியிருந்ததாகவும் இருக்கலாம். பூஞ்சையைக் கொல்லும் மைக்கோனசோல் ஷாம்பூவில் அவளைக் குளிப்பாட்டிவிட்டு மறுபடி பிரஷ் எடுக்க வேண்டும். முத்துவுக்கு இட்ராகோனசோல் என்ற பூஞ்சை மருந்து, ஒரு வாரம் கொடுத்து ஒரு வாரம் விட்டு.

அம்மாவின் தோல் டாக்டர் அந்தப் பீரோக் களிம்பு டியூபைப் புரட்டிப் பார்த்தார். ஸ்டீராய்டு. சிவப்பையும் அரிப்பையும் அடக்கிவிட்டு, பூஞ்சைக்குப் பாய் விரித்துக் கொடுக்குமாம்.

மாடியில் இரண்டுக்கும் நடுவே கம்பி வலை கட்டியிருக்கிறேன். முத்து அதன்மேல் ஏறி நின்று கத்துகிறான்.